மத்தியானம் மட்டும் விழும் கணினி: ஓவர்கிளாக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

கோலாலம்பூர் செந்தூலில் அக்கா வீடு பதினோராவது மாடி, மேற்குப் பார்த்த பிளாட். அக்கா மகன் புதிதாகச் சேர்த்த கணினி அவன் அறையில் சன்னலோரம் இருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 5 7600 சிப், பி650 போர்டு, டிடிஆர்5 6000 ரேம் இரண்டு குச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"மாமா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டெஸ்ட் ஓட்டினேன், ஒரு எரர் இல்ல. மத்தியானம் கேம் திறந்தா அரை மணி நேரத்துல நீலத் திரை. சிப் கெட்டுப்போச்சா?"

சிப் கெடவில்லை. அவன் ஓவர்கிளாக் செய்திருக்கிறான், அதாவது பாகங்களை அவற்றின் அடிப்படை அமைப்புக்கு மேல் வேகமாக ஓட்டுகிறான். ராத்திரி ஏர்கோன் போட்டு, கதவைச் சாத்தி, 23 டிகிரி அறையில் அவன் சோதித்திருக்கிறான். பகலில் அக்கா ஏர்கோன் போட விடுவதில்லை. வெயில் சுவரில் அடித்து அடித்து மூன்று மணிக்கு அறை 33 டிகிரிக்கு வந்துவிடுகிறது. விசிறிக் காற்றால் குளிரும் கணினியில் அறைச் சூடு பத்து டிகிரி ஏறினால், உள்ளே இருக்கும் பாகங்களும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். காணொளி பார்த்து நாம் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) எழுதும் எண்கள் பல குளிர் நாட்டு அறைகளில் சோதித்தவை. கோலாலம்பூரில் ஒரு ஓவர்கிளாக் நிலையானது என்றால், பிற்பகல் மூன்று மணிக்கு ஏர்கோன் இல்லாமல் அது விழாமல் நிற்க வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

கை வைப்பதற்கு முன்

முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு டிஸ்கில் நகல் எடுங்கள். ரேம் தடுமாறும் கணினி சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும். கல்யாண வீடியோ வெட்டுகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். அடுத்தது, விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸைப் புதுப்பித்தாலோ பாதுகாப்பு அமைப்பு ஏதாவது மாறினாலோ அடுத்த முறை கணினி அந்தச் சாவியைக் கேட்கலாம். அப்போது தேடினால் கிடைக்காது.

பயாஸ் பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். பிறகு எல்லாவற்றையும் டீஃபால்ட் என்ற ஆரம்ப அமைப்புக்குக் கொண்டுபோய் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். டீஃபால்ட்டிலும் விழுகிறது என்றால் அது ஓவர்கிளாக் கோளாறே இல்லை. பாகத்திலோ டிரைவரிலோ விண்டோஸிலோ குறை; பாகம் என்றால் வாரண்டிக்குப் போக வேண்டியதுதான். டீஃபால்ட்டில் விழாமல் நின்றால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி, பிறகு எது காரணம் என்று தேடி ஒரு வாரத்தைத் தொலைத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

சேமித்து வெளியே வந்தேன், விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

முதல் வேலை, பொறுத்திருப்பது. டிடிஆர்5 ரேமின் வேகத்தை மாற்றினால் போர்டு அந்த ரேமோடு புதிதாகப் பழக வேண்டும். மெமரி டிரெயினிங் என்று அதற்குப் பெயர். ஏஎம்5 போர்டுகளில் (ரைசன் 7000, 9000 சிப்புகள் உட்காரும் வகை) இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். ரேம் 64 ஜிபி, 96 ஜிபி என்று போனால் பத்து நிமிடம்கூடக் காத்திருக்கலாம். செத்துவிட்டது என்று பயந்து நடுவில் பவரைப் பிடுங்கினால், பழக்கம் முதலிலிருந்து தொடங்கும்.

காத்திருக்கும்போது போர்டின் வலது மேல் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். டிராம், அதாவது ரேம், விளக்கு எரிந்தபடி இருந்தால் பழக்கம் நடக்கிறது, அல்லது அங்கேயே சிக்கியிருக்கிறது. பத்து நிமிடம் தாண்டியும் அதே விளக்குதான் என்றால் சிமோஸை, அதாவது பயாஸ் அமைப்புகளின் சேமிப்பை, அழிக்க வேண்டும். பவர் வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். போர்டில் கிளியர் சிமோஸ் என்று இருக்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து விநாடி தொட்டு வையுங்கள். சில போர்டுகளில் பின்பக்கமே இதற்குப் பட்டன் உண்டு. ஊசி எங்கே என்று தெரியாவிட்டால் வட்டமான சிஆர்2032 பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டாலும் சரி.

அதற்குப் பிறகும் வரவில்லையா? ஒரே ஒரு ரேம் குச்சியை, சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் துளையில் போட்டுப் பாருங்கள். இரண்டு குச்சி வைத்திருப்பவர்கள் இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். ஒன்றும் மூன்றும் என்று போட்டுவிட்டு வேகம் ஏறவில்லை என்று புலம்புவது அடிக்கடி நடக்கிறது. வண்ணம் பார்த்துப் போடாமல் போர்டின் கையேட்டைப் பார்த்துப் போடுங்கள்.

நான்கு குச்சி போட்டவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ரைசன் 7000 வரிசைக்கு நான்கு குச்சிகளோடு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600தான். பெட்டியில் 6000 என்று எழுதியிருப்பது இரண்டு குச்சிக் கணக்கு. ஒரு செட்டு வாங்கி, ஆறு மாதம் கழித்து அதே மாடலில் இன்னொரு செட்டு வாங்கிச் சேர்த்தால், எக்ஸ்போவை (பெட்டியில் எழுதிய வேகத்தை ஒரே தட்டில் போடும் பயாஸ் அமைப்பு) இயக்கியதும் திரை கறுப்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் பேரம் பேசும்போதே தேவையான அளவை இரண்டே குச்சியில் வாங்கிவிடுவது நல்லது.

திரை வருகிறது, ஆனால் அமைப்பு பழையபடி ஆகிவிடுகிறது

போர்டு இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எரிந்து, கடைசியில் ஓவர்கிளாக் தோற்றது என்று ஒரு வரி காட்டும். போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். ரேம் வேகத்தை ஒரு படி இறக்குங்கள்; 6000 என்றால் 5800, அதுவும் இல்லாவிட்டால் 5600. ஆனால் சுவர் சுவிட்சை அணைத்துப் போட்ட மறுநாள் தேதியும் நேரமும்கூடத் தப்பாக இருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சில வெள்ளி (ரிங்கிட்) செலவில் முடியும் வேலை.

நீலத் திரை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில்

இதுதான் அக்கா மகனின் கோளாறு. நம் ஊரில் அதிகம் பேரை அலைக்கழிப்பதும் இதுதான்.

ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபால்ட், அதற்கடுத்து ஐஆர்க்யூஎல் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான் விழ வேண்டும். எப்போதும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரைப் பாருங்கள். நீலத் திரைக்கு முன்னாலேயே ரேம் வேறு விதமாகவும் முனகும்: பெரிய ஜிப் கோப்பை விரித்தால் சிஆர்சி எரர் வரும், கேம் பதிவிறங்கி முடிந்தபின் கோப்பு கெட்டிருப்பதாகச் சொல்லும், பிரவுசரில் ஒரு டேப் மட்டும் காரணமில்லாமல் சாகும். இவற்றை இணையத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

எக்ஸ்எம்பி (இன்டெல் வகை), எக்ஸ்போ (ஏஎம்டி வகை) இரண்டும் ஓவர்கிளாக்தான். கடைக்காரர் போட்டுக் கொடுத்தார், பெட்டியிலேயே எழுதியிருக்கிறது என்பதால் அது சாதாரண அமைப்பு ஆகிவிடாது. டிடிஆர்5க்கு அடிப்படை மின்னழுத்தம் 1.1 வோல்ட். 6000 வேக எக்ஸ்போ ரேம் பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும். அதனால் எக்ஸ்போவை அணைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். நீலத் திரை நின்றுவிட்டால் திருடன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது.

அக்கா மகன் விஷயத்தில் எக்ஸ்போவை மட்டும் போட்டால் மத்தியானமும் விழாமல் நின்றது. எக்ஸ்போவோடு அவன் கையால் மாற்றிய எண்களில்தான் சிக்கல். பயாஸ் படங்களை அனுப்பச் சொன்னேன். டிரெஃபை என்ற வரியில் 65535 என்று இருந்தது. காணொளியில் பார்த்து எழுதியிருக்கிறான்.

அந்த எண் என்ன செய்கிறது? ரேமின் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கி. ஓட்டைக் குடம் மாதிரி அது கசிந்துகொண்டே இருக்கும். காலியாவதற்குள் மறுபடி நிரப்ப வேண்டும். எத்தனை துடிப்புக்கு ஒரு தடவை நிரப்புவது என்பதைச் சொல்வதுதான் டிரெஃபை. 6000 வேகத்தில் டீஃபால்ட் ஏறக்குறைய 11,700. காலமாகச் சொன்னால் 3.9 மைக்ரோ விநாடி. 65535 என்றால் ஐந்து மடங்குக்கு மேல் இடைவெளி. நிரப்பும் வேலை குறைவதால் ரேம் வேகமாகிறது, உண்மைதான். ஆனால் சூடு ஏற ஏறக் குடம் வேகமாகக் கசியும். 85 டிகிரிக்கு மேல் இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ரேம் தரநிர்ணயமே சொல்கிறது. டீஃபால்ட்டில் தாராளமாக விட்டிருந்த அந்த இடைவெளியை ஐந்து மடங்கு இழுத்தவருக்கு 85 வரை போக வேண்டியதில்லை, ஐம்பது தாண்டியதுமே ஆட்டம் காணலாம்.

அன்று மாலை நேரில் போய், சூடும் வோல்டேஜும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். டிடிஆர்5 குச்சியிலேயே வெப்பமானி உண்டு, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஏர்கோன் போட்டிருக்கும்போது, கேம் ஓடுகையில் 45 டிகிரி. அணைத்துச் சன்னலைத் திறந்து நாற்பது நிமிடம் விட்டபோது 59. கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூடு நேராக ரேம் மேல் ஏறுகிறது; கேசிங்கின் பின் விசிறியை வயர் மறைக்கிறது என்று அவன் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்திருந்தான். விசிறியைத் திரும்ப மாட்டினோம். டிரெஃபையை 32767 ஆக்கினோம். ஏர்கோன் இல்லாமலே ரேம் 52க்கு இறங்கியது.

சோதனைக்கு முதலில் யுஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86, நான்கு சுற்று. ஆனால் அது ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேசிங் சூடாகாது. அதில் தேறியதை மட்டும் நம்பாமல் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடியின் ரேம் சோதனையை, கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்து, மத்தியானத்தில் ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ஒன்றுதானே என்று விட்டுவிடக் கூடாது.

பிழை வந்தால் வோல்டேஜை ஏற்றச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். நம் வெக்கையில் நான் அதைக் கடைசியில்தான் செய்வேன். வோல்டேஜ் ஏறினால் ரேம் இன்னும் சூடாகும், சூட்டினால் வந்த பிழை அதிகமாகவும் செய்யலாம். முதலில் டிரெஃபையை இறக்குங்கள், பிறகு வேகத்தை 5600க்கு. கேமில் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம்.

ரைசன் 7000, 9000 வைத்திருப்பவர்கள் எஸ்ஓசி வோல்டேஜ் (சிபியுவுக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) வரியைக் கட்டாயம் பாருங்கள். 2023 ஏப்ரலில் பெயரில் எக்ஸ்3டி என்று வரும் ரைசன் சிப்புகள் சில சாக்கெட்டோடு கருகிய செய்தி வந்த பிறகு, ஏஎம்டி அதற்கு 1.30 வோல்ட் என்று உச்ச வரம்பு போட்டது. அதற்கு முந்தைய பயாஸ் இன்னும் போர்டில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதைப் புதுப்பியுங்கள். என் கையில் வரும் 6000 ரேம் கணினிகள் பெரும்பாலும் 1.20, 1.25க்குள் நிற்கின்றன.

விழுந்து விழுந்து எழுந்த கணினியில் விண்டோஸ் கோப்புகளும் கெட்டிருக்கலாம். ரேம் சரியான பிறகு சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒரு தடவை ஓட்டுங்கள். இதைச் செய்யாமல், பழைய காயத்தால் வரும் நீலத் திரையைப் பார்த்துவிட்டு ரேமை மறுபடி குற்றம் சொல்லக் கூடாது.

முழு வேலை கொடுத்தால் விழுகிறது

வீடியோ எக்ஸ்போர்ட், அல்லது சினிபெஞ்ச், பிரைம்95 போன்ற சிபியு சோதனை நிரல்கள். எப்படி விழுகிறது என்பதை உன்னிப்பாகப் பாருங்கள், வழி அதிலேயே இருக்கிறது.

நீலத் திரையில் கிளாக் வாட்ச்டாக் என்றோ, வீயா (விண்டோஸின் வன்பொருள் பிழை அறிவிப்பு) அன்கரெக்டபிள் என்றோ வந்தால், அல்லது பிரைம்95இல் ஒரு வொர்க்கர் மட்டும் நின்றுவிட்டால், அந்த வேகத்துக்கு சிபியுவுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் போதவில்லை. வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் இறக்குவது எளிய வழி. அடுத்த வழி லோட் லைன் கேலிப்ரேஷன். சுமை ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் தொய்வது இயல்பு. அந்தத் தொய்வை எவ்வளவு தூக்கிப் பிடிப்பது என்று சொல்லும் அமைப்பு அது. ரொம்பத் தூக்கினால், சுமை சட்டென்று விலகும்போது வோல்டேஜ் மேலே துள்ளும். அந்தத் துள்ளல் நொடியில் மறைவதால் திரையில் காட்டும் எண்ணில் தெரியாது, சிப்தான் தாங்க வேண்டும். நடுவில் வையுங்கள். ஆனால் எது நடு? ஏசுஸ் போர்டில் எண் ஏற ஏற வலு கூடும். எம்எஸ்ஐயிலும் ஏஸ்ராக்கிலும் தலைகீழ், ஒன்று என்பதுதான் உச்சம். ஏசுஸ்காரர் எழுதிய எண்ணை எம்எஸ்ஐயில் அப்படியே போட்டால் கதை மாறிவிடும். பயாஸில் பக்கத்திலேயே ஒரு கோட்டுப் படம் இருக்கும், அதைப் பார்த்து வையுங்கள்.

நீலத் திரை இல்லை, விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று முழுக்க அணைகிறது என்றால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொண்டிருக்கலாம், அல்லது சிபியு கூலர் சரியாக உட்காராமல் சூடு எல்லை தாண்டியிருக்கலாம். கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு பிளக் தேவை என்றால் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனி வயர் இழுங்கள். ஒரே வயரின் இரட்டைத் தலையை இரண்டிலும் மாட்ட வேண்டாம்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று வந்திருப்பதைக் காட்டி பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டிக் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. கணினி முறையாக மூடப்படவில்லை என்பதைத் தவிர அந்த 41 வேறு எதையும் சொல்வதில்லை. அதற்குச் சற்று முன்னும் பின்னும் வீயா லாகர் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிரைம்95 பத்து மணி நேரம் தேறியது, யூடியூப் பார்க்கும்போது விழுகிறது

ரைசன்காரர்களை மிகவும் குழப்பும் அறிகுறி இது. கனமான வேலையில் நிற்கும் கணினி சும்மா இருக்கும்போது ஏன் ரீஸ்டார்ட் ஆக வேண்டும்?

கர்வ் ஆப்டிமைசர் என்பது ரைசனின் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் அமைப்பு. அதில் எதிர்மறை எண் போட்டால், ஒவ்வொரு படிக்கும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைகிறது. எல்லாக் கோரும் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுகள்) சேர்ந்து உழைக்கும்போது வேகம் குறைவு, அதனால் அந்தக் குறைவைத் தாங்கிவிடும். சும்மா இருக்கும் நேரத்தில் ஒரே ஒரு கோர் சட்டென்று எழுந்து உச்ச வேகத்துக்குத் தாவும். அந்தத் தாவலில்தான் வோல்டேஜ் போதாமல் விழுகிறது. பிரைம்95 அந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

எல்லாக் கோருக்கும் -30 என்று ஒரே எண்ணைப் போடுவது சூதாட்டம். ஒரே சிப்பில் ஒரு கோர் -30 தாங்கும், பக்கத்துக் கோர் -8இல் விழும். அதுவும் தொழிற்சாலையில் மிகச் சிறந்தது என்று குறித்த கோர்கள்தான் பெரும்பாலும் குறைவாகத் தாங்கும், ஏனென்றால் அவை ஏற்கெனவே விளிம்பில் ஓடுகின்றன. ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் 18 பதிவைத் திறந்தால் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். ஆறு, எட்டு கோர் ரைசனில் அதை இரண்டால் வகுத்தால் பெரும்பாலும் குற்றவாளிக் கோர் எண் கிடைக்கும். 6 அல்லது 7 என்றால் கோர் 3. அந்தக் கோரை மட்டும் ஐந்து படி மேலே, பூஜ்யத்தை நோக்கி, கொண்டுவாருங்கள். பிறகு கோர்சைக்ளரை ராத்திரி முழுக்க ஓட்டுங்கள். அது கோர்களை ஒவ்வொன்றாக எழுப்பிச் சோதிக்கும். இந்த ஒரு சோதனையை மட்டும் ஏர்கோன் அறையிலும் ஒரு முறை செய்யுங்கள். சிப் குளிர்ந்திருந்தால் இன்னும் உயரத்துக்குத் தாவும். மத்தியானம் நின்றது ராத்திரியில் விழுவதும் உண்டு.

கர்வ் ஆப்டிமைசரைத் தொடவே இல்லை, இருந்தும் சும்மா இருக்கையில் அணைகிறது என்றால் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற வரியை டிபிகல் கரண்ட் ஐடில் ஆக்கிப் பாருங்கள். பழைய பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு ரொம்பக் குறைந்த சுமை ஒத்துக்கொள்வதில்லை.

ரைசன் 5000இல் வீயா லாகர் 19 சரம் சரமாக வந்தால் அது வேறு சமாச்சாரம். பெரும்பாலும் எஃப்கிளாக் (சிப்பின் உள் இணைப்பு வேகம்) 1900க்கு மேல் போயிருக்கும். 1800க்கு இறக்கி, ரேமை 3600இல் வையுங்கள்.

விழவில்லை, ஆனால் வேகம் குறைந்திருக்கிறது

திரையில் 5.3 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது, சினிபெஞ்ச் மதிப்பெண் டீஃபால்ட்டைவிடக் கீழே. எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பாருங்கள். முழுச் சுமையில் அது காட்டும் வேகத்தைவிட நூற்றுக்கணக்கில் குறைவாக இருந்தால், வோல்டேஜ் போதாமல் சிப் துடிப்புகளை நீட்டிக்கொண்டு சமாளிக்கிறது. எதிர்மறை எண்ணைப் பூஜ்யத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள், வேகம் திரும்பும். இன்டெல்லில் அண்டர்வோல்ட் செய்தவர்களுக்கு ஐஏ சிஇபி என்ற பாதுகாப்பு இதே வேலையைச் செய்யும்.

சூடுதான் காரணம் என்றால் ரைசன் 7000 பெரும்பாலும் 95 டிகிரியில் போய் நிற்கும். அந்த எல்லைக்குள் ஓடும்படிதான் அதை வடித்திருக்கிறார்கள், சிப்புக்கு ஆபத்தில்லை. ஆனால் 33 டிகிரி அறையில் அதே 95ஐத் தாண்டாமலிருக்க அது வேகத்தை முன்னதாகவே இறக்கும். 7700எக்ஸ் போன்றவற்றில் ஈகோ மோட் போட்டு 65 வாட் வகுப்புக்கு, அதாவது சாக்கெட்டில் 88 வாட்டுக்கு இறக்கினால் வேகம் கொஞ்சமே குறையும், சூடு நிறையவே குறையும். செந்தூல், செலாயாங் பிளாட்டுகளில் ஏர்கோன் இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் கொடுப்பது இதைத்தான்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை: கேம் திறந்ததும் மூடுகிறது

கிராபிக்ஸ் கார்டில் 12 ஜிபி இருக்கும், ஆனால் வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லிக் கேம் மூடும். ஷேடர் (கேமின் படக் காட்சி நிரல்கள்) தயாராகும் கட்டத்தில் இப்படி நடந்தால் கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிடாதீர்கள், சிபியுவைப் பாருங்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் பல, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டு உள்ளே தேய்ந்துபோனதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்ட்டில் 129, செப்டம்பரில் 12பி என்ற மைக்ரோகோடுகள் (சிப்பின் நடத்தையைத் திருத்தும் சிறு நிரல்கள்) வந்தன. அவை அடங்கிய புதிய பயாஸைப் போடுங்கள், இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ் என்ற புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஐ7, ஐ9 கே வகைகளுக்கு மின்வரம்பு 253 வாட். பல போர்டுகள் அதற்கு முன் வரம்பே இல்லாமல் 4096 என்று போட்டு அனுப்பிக்கொண்டிருந்தன.

ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்த மைக்ரோகோடும் திருப்பிக் கொண்டுவராது. புதிய பயாஸ், டீஃபால்ட் அமைப்பு இரண்டும் போட்ட பிறகும் விழுந்தால் வாரண்டிக்கு எழுதுங்கள். பெட்டியோடு வாங்கிய பாதிப்புள்ள சிப்புகளுக்கு இன்டெல் இரண்டு ஆண்டு கூட்டிக் கொடுத்திருக்கிறது, மொத்தம் ஐந்து. பெட்டியில்லாத டிரே சிப் என்றால் கணினி சேர்த்துக் கொடுத்தவரிடம் போக வேண்டும். 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தொடங்கிய முதல் தொழிற்சாலை நம் பினாங்கில்தான். சிப் மூடியில் மலேசியா என்று பொறித்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும். அந்தப் பாசத்தில் வாரண்டியைத் தள்ளிப்போட வேண்டாம், காலம் ஓடுகிறது.

சில்லறைக் கோளாறுகள்

படம் கறுத்துவிடுகிறது, பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது: கிராபிக்ஸ் கார்டைச் செங்குத்தாக நிறுத்த ரைசர் கேபிள் போட்டிருந்தால் பயாஸில் பிசிஐஇ வேகத்தை ஜென் 4இலிருந்து ஜென் 3 ஆக்குங்கள். கார்டின் சொந்த ஓவர்கிளாக்கையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

தூங்கப் போட்டால் எழுவதில்லை: ஏஎம்5இல் மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோரை (ரேம் பழக்கத்தை ஒவ்வொரு முறையும் செய்யாமல் நினைவில் வைக்கும் அமைப்பு) இயக்கியிருந்தால் பவர் டவுன் எனேபிளும் இயங்க வேண்டும். ஒன்று இயங்கி மற்றது அணைந்திருந்தால் இப்படித் தடுமாறும்.

சொன்ன மெனுவே பயாஸில் இல்லை: ஏ620 போர்டில் சிபியு ஓவர்கிளாக் கிடையாது. இன்டெல்லில் சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியை (மல்டிபிளையர்) ஏற்ற, பெயரில் கே உள்ள சிப்பும் இசட் என்று தொடங்கும் போர்டும் வேண்டும். பி760இல் ரேமை மட்டும் ஏற்றலாம். 7800எக்ஸ்3டியின் பெருக்கி பூட்டியிருக்கும், கர்வ் ஆப்டிமைசர் மட்டும் வேலை செய்யும்.

பயாஸ் புதுப்பிக்கும்போது

ஃபேட்32 யுஎஸ்பியில் கோப்பைப் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காது. பின்பக்கம் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் மீட்கலாம், இல்லாவிட்டால் கடைக்குத்தான் தூக்க வேண்டும். கோலாலம்பூரில் இடி மின்னல் பெரும்பாலும் மத்தியானம் மூன்றுக்குப் பிறகு வரும், அதுவும் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சொல்லவே வேண்டாம். அதனால் இந்த ஒரு வேலையைக் காலையில் செய்யுங்கள். யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிச் செய்யுங்கள்.

புதுப்பித்த பிறகு பயாஸில் சேமித்து வைத்திருந்த புரொஃபைல்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். அக்கா மகன் இப்போது தன் எண்களை ஏ4 தாளில் எழுதி கேசிங்கின் பக்கவாட்டுத் தகட்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறான்: எக்ஸ்போ 6000, எஸ்ஓசி 1.20, டிரெஃபை 32767, கோர் வாரியாக எதிர்மறை எண்கள். கடைசி வரியில், அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு ஏர்கோன் இல்லாமல் நான்கு மணி நேரம் ஓட்டியது, அறை 33, ரேம் 53, பிழை பூஜ்யம்.